சி.எல்.ஏ. சாயம் சரியாகப் பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

மனித ரத்தத்தில் தோலை நோக்கிப் போகும் டி செல்களை அடையாளம் காட்டுவது சி.எல்.ஏ., அதாவது கியூட்டேனியஸ் லிம்ஃபோசைட் ஆன்டிஜென். அதைப் பிடிக்கப் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் இருப்பது ஹெக்கா-452 என்ற குளோன், அதாவது ஒரே மூலச் செல்லின் வழியில் உருவாகும் ஆன்டிபாடி. எஃப்.ஐ.டி.சி., பி.ஈ., ஏ.பி.சி. என்று எந்தச் சாயம் ஒட்டி வந்தாலும் உள்ளே இருப்பது அதே ஆன்டிபாடிதான். வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் புதிதாக உட்காருபவர்களை இந்த ஒரு ஆன்டிபாடி படுத்தும் பாடு வேறு எதுவும் படுத்துவதில்லை.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தானே விளங்கிவிடும். முதலாவது, ஹெக்கா-452 எலியில் உருவான ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடி வகை, அதன் லேசான சங்கிலி கப்பா. சுண்டெலியில் உருவானதும் அல்ல, ஐ.ஜி.ஜி.யும் அல்ல. (இந்தக் கட்டுரை முழுக்க எலி (ராட்) வேறு, சுண்டெலி (மவுஸ்) வேறு. அந்த வேறுபாட்டில்தான் பாதிப் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.) இரண்டாவது, அது பிடிப்பது ஒரு புரதத்தை அல்ல, புரதத்தின் மேல் கட்டப்பட்ட சர்க்கரையை. டி செல்லில் பி.எஸ்.ஜி.எல்-1 என்ற புரதத்தின் மேல் ஃபியூக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ்-7 என்ற நொதி ஒரு சர்க்கரைத் தொடரை முடித்துவைக்கிறது. அதில் சியாலிக் அமிலமும் ஃபியூக்கோஸும் இருக்கும். தோலின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஈ-செலெக்டின் கைகோக்கும் இடம் அதுதான். ஹெக்கா-452 ஒட்டும் இடமும் அதுதான்.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே புதுக் குப்பியைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே ஓட்டிய அதே ட்யூபின் தரவில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள்: இவை இயல்பாகவே ஹெக்கா-452-ஐ வாங்கிக்கொள்ளும், ஒளிர வேண்டும். இன்னொன்று நைவ் டி செல்கள், அதாவது இன்னும் எந்த ஆன்டிஜெனையும் சந்திக்காத, சிடி45ஆர்ஏ, சிசிஆர்7 என்ற குறியீடுகள் இரண்டும் உள்ளவை: இவை ஒளிரக் கூடாது. நேர்மறைச் சான்றும் எதிர்மறைச் சான்றும் ஒரே ட்யூபுக்குள் சும்மா கிடக்கின்றன. மோனோசைட்டும் இருட்டு என்றால் சிக்கல் ஆன்டிபாடியிலோ கருவியிலோ. மோனோசைட் ஒளிர்ந்து, ஏற்கெனவே ஆன்டிஜெனைச் சந்தித்த மெமரி டி செல்கள் மட்டும் இருட்டு என்றால் சிக்கல் மாதிரியில். நைவ் செல்லும் ஒளிர்கிறது என்றால் பின்னணி இரைச்சல். இதைப் பார்த்த பிறகே கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

எதுவுமே ஒளிரவில்லை

சாயம் ஒட்டாத ஹெக்கா-452 வாங்கி, அதைப் பிடிக்கும் சாயமிட்ட இரண்டாம் நிலை ஆன்டிபாடி போட்டு ஒளிரவைக்கிறீர்களா? அப்படியானால் அந்த இரண்டாம் ஆன்டிபாடியின் சீட்டைப் படியுங்கள். "சுண்டெலி ஐ.ஜி.ஜி.க்கு எதிரானது" என்று இருந்தால் அது இதைத் திரும்பியும் பார்க்காது. "எலி ஐ.ஜி.ஜி.க்கு எதிரானது" என்று இருந்தாலும் நிம்மதி வேண்டாம். ஐ.ஜி.ஜி.யின் கனச் சங்கிலியான காமாவை மட்டும் பிடிக்கும் வகை என்றால் ஐ.ஜி.எம்.மைத் தவறவிடும். ஐ.ஜி.எம்.மின் கனச் சங்கிலியான மியூவையோ கப்பாச் சங்கிலியையோ பிடிக்கும் எலி எதிர்ப்பு ஆன்டிபாடிதான் வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. குடலுக்குப் போகும் செல்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று பீட்டா-7 இன்டெக்ரினுக்கு எஃப்.ஐ.பி.504 குளோனைப் போடுபவர்கள் பலர். அதுவும் எலியில் உருவானதே. கப்பாவைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி இரண்டின் மேலும் ஏறிக்கொள்ளும். விளைவாக, சி.எல்.ஏ.வும் பீட்டா-7-உம் ஒன்றாக உள்ள அதிசயச் செல்கள் திரையில் தோன்றும். உண்மையில் மெமரி டி செல்களில் சி.எல்.ஏ. உள்ளவையும் பீட்டா-7 மிகுந்தவையும் பெரும்பாலும் தனித்தனிக் கூட்டங்கள். படத்தில் அவை எல் எழுத்தைப் போல இரண்டு அச்சுகளையும் ஒட்டி நிற்க வேண்டும். மூலைவிட்டத்தில் ஒரு கோடாக ஏறி நின்றால் கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் இரண்டாம் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். என் யோசனை கேட்டால், சாயம் நேரடியாக ஒட்டிய ஆன்டிபாடியையே வாங்குங்கள். பல வண்ண ஆன்டிபாடிகளை ஒன்றாகப் போடும் பேனலில் எலி ஆன்டிபாடிகள் நிறைய வருவதால், இரண்டாம் நிலை வழி லாபத்தைவிடத் தொல்லையே அதிகம் தரும்.

நேரடிச் சாயம் போட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால், குப்பி உறைந்து கிடந்ததா என்று விசாரியுங்கள். பி.ஈ.யும் ஏ.பி.சி.யும் புரதச் சாயங்கள். உறைந்து உருகினால் ஒளி போய்விடும். குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்த குப்பி யாருக்கும் தெரியாமல் உறைந்திருக்கலாம். மெத்தனாலும் இந்த இரண்டையும் கொன்றுவிடும். ஆகவே செல்லுக்குள் பாஸ்பேட் ஏறிய புரதங்களை அளக்கும் பாஸ்போ-ஃப்ளோ போன்ற மெத்தனால் படி உள்ள வேலையில் சி.எல்.ஏ.வுக்கு பி.ஈ. வேண்டாம்.

செல்லில் ஒளிர்கிறது, பீட்ஸில் ஒளிரவில்லை

ஒரு சாயத்தின் ஒளி மற்றொன்றின் வாசிப்பில் கசிவதைத் திருத்தும் கணக்குக்குக் காம்பன்சேஷன் என்று பெயர். அதற்கு ஆன்டிபாடியைப் பிடிக்கும் சின்ன மணிகளைப் (பீட்ஸ்) பயன்படுத்துவார்கள். இது ஒரு செம்மையான குழப்பம். நான் முதன்முதலில் இந்த ஆன்டிபாடியோடு பதினொரு வண்ணப் பேனல் ஓட்டிய நாளில், காம்பன்சேஷனுக்குப் பத்து ட்யூபும் அழகாகக் கூர்மையான இரட்டை முகடு காட்டின. சி.எல்.ஏ. ட்யூபில் மட்டும் பூஜ்ஜியத்தின் மேல் ஒரே மொட்டை முகடு. ஆன்டிபாடி போட மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே மொட்டை. மூன்றாம் தடவை இரட்டிப்பு அளவு ஊற்றினேன், விலையை யோசிக்காமல். அப்போதும் அசையவில்லை. அப்புறம்தான் பீட்ஸ் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன்: சுண்டெலி கப்பாவைப் பிடிக்கும் பீட்ஸ். எலி ஆன்டிபாடி அதில் ஒட்டவே வழியில்லை.

எலி கப்பாவைப் பிடிக்கும் பீட்ஸ் பெரும்பாலும் போதும். ஆனால் எலி ஐ.ஜி.ஜி.க்கு என்றே செய்தவை ஐ.ஜி.எம்.மை விட்டுவிடலாம், எனவே முன்கூட்டியே ஒரு ட்யூபில் சோதித்துக்கொள்ளுங்கள். அமீனோடு வினைபுரியும் பீட்ஸை நம்பிப் போட்டால் அதில் ஒட்டுவது ஆன்டிபாடி அல்ல, செத்த செல்லைக் காட்டும் வயபிலிட்டிச் சாயம்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொருத்தமான பீட்ஸே கிடைக்கவில்லையா? செல்களையே வைத்துக் காம்பன்சேட் செய்யுங்கள். முழு ரத்தத்தில் கிரானுலோசைட்டும் மோனோசைட்டும் போதுமான அளவு பளிச்சென்று இருக்கும். பின்னணித் தானொளிர்வு ஒத்துப்போக, எதிர்மறைக் கூட்டத்தையும் அதே வகைச் செல்லிலிருந்தே எடுக்க வேண்டும். மோனோசைட்டை நேர்மறையாகவும் லிம்ஃபோசைட்டை எதிர்மறையாகவும் வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு சாய்ந்துவிடும். இதற்குச் சாயமே போடாத மோனோசைட் ட்யூப் ஒன்று வேண்டும்.

ஒளிர்கிறது, ஆனால் இரண்டாகப் பிரியவில்லை

பல பேர் இதைப் பிழை என்று நினைத்து வாரக்கணக்கில் திண்டாடுகிறார்கள். பெரும்பாலும் இது பிழையே இல்லை. டி செல் வகைகளைக் காட்டும் சிடி4, சிடி8 போல "உண்டு, இல்லை" என்று சி.எல்.ஏ. வெட்டிப் பிரியாது. ஒரு செல்லின் மேல் எத்தனை சர்க்கரைத் தொடர் முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, மங்கலிலிருந்து பளிச்சென்பது வரை ஒரு சரிவாகத்தான் வரும். சரிவு இயல்பு என்பதால் கேட், அதாவது எண்ண வேண்டிய செல்களைப் பிரிக்கும் எல்லை, எங்கே போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

அதற்கு எஃப்.எம்.ஓ. ட்யூப்: சி.எல்.ஏ. தவிர மற்ற எல்லாச் சாயமும் போட்டது. அதோடு அதே மாதிரியின் நைவ் செல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கோட்டைக் காட்டினால் அங்கே கேட்டை நட்டுவிடலாம். எலி ஐ.ஜி.எம். ஐசோடைப் கன்ட்ரோலை, அதாவது அதே வகையில் எதையும் குறிவைக்காத ஆன்டிபாடியை, காட்டித்தான் ஆக வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து மட்டும் கேட் போடாதீர்கள். ஐ.ஜி.எம். ஒவ்வொன்றின் ஒட்டும் குணமும் ஒவ்வொரு மாதிரி. ஐசோடைப்பின் பின்னணி உங்கள் ஆன்டிபாடியின் பின்னணி என்று சொல்ல முடியாது.

உண்மையாகவே மங்கலாக இருந்தால் அளவைச் சரிபாருங்கள். சீட்டில் எழுதிய அளவு உங்கள் செல் எண்ணிக்கைக்கும் உங்கள் கன அளவுக்கும் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆறு ட்யூபில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், நேர்மறையும் எதிர்மறையும் அதிகம் விலகி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்மறைக்கு மெமரி டி செல், எதிர்மறைக்கு நைவ் டி செல் என்று வைத்து அளந்தால், உங்களுக்குத் தேவையான இடத்திலேயே அளந்ததாகும். மோனோசைட்டின் பளிச்சைப் பார்த்து முடிவெடுத்தால் டி செல்லுக்குக் குறைவாகப் போட்டுவிடுவீர்கள்.

சாயத் தேர்வும் முக்கியம். மங்கலான சரிவு உள்ள குறியீட்டுக்கு எஃப்.ஐ.டி.சி. என்பது சுமாரான தேர்வு. ஒளி குறைவு, பச்சைப் பகுதியில் தானொளிர்வும் அதிகம். கரைசல் அமிலப் பக்கம் சாய்ந்தால் ஒளி இன்னும் குறையும். வாய்ப்பிருந்தால் பி.ஈ.யையோ வேறு பளிச்சென்ற சாயத்தையோ இதற்கு ஒதுக்கி, எஃப்.ஐ.டி.சி.யை சிடி8 மாதிரி ஏற்கெனவே சத்தம் போட்டுப் பேசும் குறியீட்டுக்குக் கொடுங்கள்.

நைவ் செல்லும் ஒளிர்கிறது

முதல் சந்தேகம் செத்த செல். வயபிலிட்டிச் சாயம் போடாமல் சி.எல்.ஏ. பார்க்க உட்கார வேண்டாம். செத்த செல் எதையும் ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டாவது, குப்பிக்குள் திரண்டுபோன ஆன்டிபாடி. ஐ.ஜி.எம். ஐந்து அலகு சேர்ந்த பெரிய மூலக்கூறு, ஏறக்குறைய 900 கிலோடால்டன் இருக்கும். நாள்பட்டால் திரளும். குப்பியை விளக்கின் எதிரே சாய்த்துப் பிடித்தால் சில நேரம் அடியில் மெல்லிய புகைபோல் ஏதோ சுழலும். அது தெரியாவிட்டாலும், போடும் முன் மையவிலக்குக் கருவியில் 10,000 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுற்றி, அடியைத் தொடாமல் மேலிருந்து எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். படத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அளவுக்கு மீறிப் பளிச்சிடும் புள்ளிகள் இதனால் காணாமல் போகும்.

ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் ஏற்பிகளை அடைக்கும் எஃப்.சி. பிளாக்கை இரட்டிப்பாகப் போட்டும் போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். போகாதுதான். வழக்கமான பிளாக் ஐ.ஜி.ஜி. ஏற்பிகளை அடைக்கிறது, ஐ.ஜி.எம். அந்த வழியாக வருவதில்லை. பேனலில் உள்ள மற்ற ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகளுக்காக அதைப் போட்டுக்கொள்ளுங்கள், சி.எல்.ஏ.க்காக அல்ல.

ஒளிர்வு உண்மையா பொய்யா என்று நெஞ்சறியத் தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு சோதனை: சியாலிடேஸ். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் விப்ரியோ காலராவிலிருந்து எடுத்த சியாலிடேஸ் போட்டு 37 டிகிரியில் வைத்து, கழுவி, பிறகு இரண்டுக்கும் சாயம் போடுங்கள். சியாலிக் அமிலம் வெட்டப்பட்டால் ஹெக்கா-452-க்குப் பிடி கிடையாது. உண்மையான ஒளிர்வு விழுந்துவிடும், பின்னணி மட்டும் மிஞ்சும். ஐசோடைப்பைவிட இது நூறு மடங்கு நேர்மையான பதில்.

விழுக்காடு மற்றவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை

ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தில் டி செல்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காடு சி.எல்.ஏ. உள்ளவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்கு 28 வந்துவிட்டது, பயப்படலாமா? முதலில் எதற்கு விழுக்காடு என்று பாருங்கள். சி.எல்.ஏ. ஏறக்குறைய முழுக்க மெமரிக் கூட்டத்தில்தான் இருக்கிறது. சிடி4 செல்களில் பாதி மெமரி என்று வைத்துக்கொண்டால், மொத்த சிடி4-இல் 14 விழுக்காடு என்பதும் மெமரி சிடி4-இல் 28 விழுக்காடு என்பதும் ஒரே எண்தான். வயது ஏற ஏற மெமரி செல்கள் கூடுவதால் மொத்தத்துக்குப் போட்ட விழுக்காடு வயதோடு சேர்ந்து நகரும். மெமரிக்குப் போட்ட கணக்கையே எழுதுங்கள், அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் டி செல்கள் பெரும்பாலும் நைவ் என்பதால் அங்கே சி.எல்.ஏ. கிட்டத்தட்ட இல்லை. அங்கே 10 விழுக்காடு வந்தால் பிழை உங்களுடையது.

லிம்ஃபோசைட் கேட்டைத் தாராளமாக வரைந்து, டி செல்லைக் காட்டும் சிடி3 போடாமல் விட்டாலும் எண் எகிறும். உள்ளே நழுவிய மோனோசைட், ஒளிரும் இயற்கை கொலைச் செல் சில, டி செல்லோடு ஒட்டிக்கொண்ட இரட்டைகள், எல்லாம் கணக்கில் சேரும். சிடி3 போட்டு, கூடவே சிடி14 (மோனோசைட்), சிடி19 (பி செல்) இரண்டையும் வயபிலிட்டிச் சாயத்தோடு ஒரே வண்ணத்தில் போட்டு மொத்தமாக வெளியே தள்ளிவிடுவது எளிய தீர்வு.

ரத்தத்தில் பளிச், தோலிலிருந்து எடுத்த செல்லில் மங்கல்

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தோலில் உள்ள டி செல்களில் பெரும்பாலானவை சி.எல்.ஏ. உள்ளவை. ரேச்சல் கிளார்க் குழு 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி ஒரு மனிதரின் தோல் முழுவதும் ஏறக்குறைய 2,000 கோடி டி செல்கள், ரத்தத்தில் ஓடுவதைப் போல இரு மடங்கு. அப்படிப்பட்ட திசுவிலிருந்து எடுத்ததில் 30 விழுக்காடுதான் ஒளிர்கிறது என்றால், தோல் பொய் சொல்லவில்லை, நீங்கள் செல்லைப் பிரித்த விதம் சர்க்கரையைச் சுமக்கும் புரதத்தை வெட்டிவிட்டது.

டிரிப்சின் போட்டிருந்தால் வேறு குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. டிஸ்பேஸும் மேற்பரப்புப் புரதங்களைக் கடிக்கும். "நான் கொலாஜனேஸ் மட்டும்தான் போட்டேன்" என்பார்கள். கொலாஜனேஸ் என்று குப்பியில் எழுதியிருப்பது பெரும்பாலும் சுத்திகரிக்காத தயாரிப்பு. டிரிப்சின் போன்ற வேலை செய்யும் கூட்டாளிகள் அதில் உண்டு, அவற்றின் அளவு லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். போன மாதம் நன்றாக வந்தது, இந்த மாதம் வரவில்லை என்றால் லாட் எண்ணைப் பாருங்கள்.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். யாருடைய ரத்தத்திலிருந்தாவது பிரித்த மோனோநியூக்ளியர் செல்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை வெறும் ஊடகத்தில் வையுங்கள். மறுபாதியைத் தோலுக்குப் போடும் அதே நொதிக் கலவையில், அதே நேரம், அதே வெப்பத்தில் வையுங்கள். இரண்டுக்கும் ஒன்றாகச் சாயம் போடுங்கள். நொதி பட்ட பாதியில் சி.எல்.ஏ. சரிவு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே ட்யூபில் பி.எஸ்.ஜி.எல்-1-க்கும் ஒரு ஆன்டிபாடி போட்டால் இன்னும் தெளிவு: இரண்டும் சேர்ந்து விழுந்தால் புரதமே வெட்டுப்பட்டது, சி.எல்.ஏ. மட்டும் விழுந்தால் சர்க்கரையில் கைவைத்தது ஏதோ.

தீர்வு? நேரத்தைக் குறையுங்கள். இரவு முழுக்க ஊறவைப்பதற்குப் பதில் திசுவை நன்றாக நறுக்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியுங்கள். சுத்திகரித்த கொலாஜனேஸுக்கு மாறுங்கள். இல்லையென்றால் நொதியே இல்லாமல், தோல் துண்டுகளை ஊடகத்தில் வைத்துச் செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வரக் காத்திருக்கலாம். மேற்பரப்பு கெடாது. ஆனால் நாட்கள் ஆகும், ஊர்ந்து வரத் தெம்பு உள்ளவை மட்டுமே கிடைக்கும்.

செல்கள் கட்டிக்கொள்கின்றன

பத்துக் கை உள்ள ஆன்டிபாடி இரண்டு செல்களைச் சேர்த்துப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. அளவு மிஞ்சினால் இன்னும் மோசம். கரைசலில் 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. சேருங்கள், ஆன்டிபாடி ஒட்ட கால்சியம் வேண்டாம் என்பதால் ஒளிர்வுக்கு இழப்பில்லை. ஓட்டும் முன் வலையில் வடிகட்டுங்கள். இரட்டைகளை நீக்கும் கேட்டைச் சோம்பல் படாமல் போடுங்கள்.

தோல் சீவலில் எல்லாமே பச்சை

நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய சீவலில் தோலுக்கே சொந்த ஒளி உண்டு. கெரட்டின், கொலாஜன், எலாஸ்டின் எல்லாம் பச்சையில் மின்னும். எஃப்.ஐ.டி.சி. போட்ட சீவலில் மேற்தோலின் வெளி அடுக்கு பட்டையாக ஒளிர்வதைப் படமெடுத்து மகிழாதீர்கள். சாயமே போடாத சீவலையும் அதே எக்ஸ்போஷரில் எடுத்து அருகில் வையுங்கள். சிவப்புக்கு அப்பால் ஒளிரும் சாயத்துக்கு மாறினால் பாதித் தலைவலி தீரும்.

ரத்தக்குழாய்ச் சுவர் ஒளிர்ந்தால் மட்டும் பிழை என்று உடனே தள்ளிவிடாதீர்கள். ஹெக்கா என்ற பெயரே உயர் எண்டோதீலியச் செல்லைக் குறிப்பது. இந்தக் குளோன் முதலில் அறியப்பட்டதே அந்தக் குழாய்களை வைத்துத்தான். அழற்சி உள்ள திசுவில் அந்த ஒளிர்வு உண்மையாகவே இருக்கலாம். அதனால் டான்சில் சீவல் ஒன்றைக் கூடவே ஓட்டுவது நல்ல நேர்மறைச் சான்று. மேற்தோலில் கிளைவிட்டுத் தெரிபவை லாங்கர்ஹான்ஸ் செல்கள், அவற்றிலும் சி.எல்.ஏ. உண்டு. டி செல் என்று எண்ணுவதற்கு முன் சிடி3-ஐ அருகில் போட்டே ஆக வேண்டும். தடித்த சீவலில் மேற்பரப்பு மட்டும் ஒளிர்ந்து உள்ளே இருண்டிருந்தால், பெரிய மூலக்கூறு உள்ளே போக நேரம் கொடுங்கள். குளிரில் இரவு முழுக்க வையுங்கள்.

வளர்ப்பில் வைத்ததும் எண் மாறுகிறது

செல் உண்மையாகவே மாறுகிறது, ஆன்டிபாடி அல்ல. டி செல்லைத் தூண்டும்போது ஐ.எல்-12 என்ற செல் சமிக்ஞைப் புரதம் இருந்தால் சி.எல்.ஏ. ஏறும், ஐ.எல்-4 அதை அடக்கும். ரெட்டினாயிக் அமிலம் செல்லைக் குடல் பக்கம் திருப்பி, தோல் அடையாளத்தைக் குறைக்கும். ஆகவே சி.எல்.ஏ. கணக்கை எடுப்பதானால் பிரித்த அன்றே எடுங்கள். தூண்டிய பிறகு எடுத்த எண்ணை ரத்தத்தின் எண் என்று எழுதக் கூடாது.

சுண்டெலியில் வேலை செய்யவில்லை

செய்யாது. ஹெக்கா-452 மனிதச் செல்லுக்கான ஆன்டிபாடி. சுண்டெலி டி செல்லில் அதை எத்தனை மடங்கு கூட்டினாலும் திரை வெறுமையாகவே இருக்கும். அங்கே ஈ-செலெக்டினையே மனித ஐ.ஜி.ஜி.யின் வாலோடு இணைத்த சைமெராப் புரதத்தைச் சாயமாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மாறும்போது கரைசலையும் மாற்ற வேண்டும். செலெக்டின் ஒட்ட கால்சியம் கட்டாயம். ஹெக்கா-452-க்காகப் பழகிய ஈ.டி.டி.ஏ. கரைசலை அப்படியே எடுத்து ஊற்றினால் ஒரு செல்லும் ஒளிராது. அந்தக் கரைசலைத் தூக்கிப் போட வேண்டாம்: கால்சியம் உள்ள ட்யூப் ஒன்று, ஈ.டி.டி.ஏ. உள்ள ட்யூப் ஒன்று என்று அருகருகே ஓட்டினால் இரண்டாவதுதான் உங்கள் எதிர்மறைச் சான்று.